மத்தியக் குழு வரும்வரை சுவரைத் தொடக்கூடாது

புயல் போய், தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் ஆயம்மா செய்த முதல் குற்றம், தன் வீட்டுச் செங்கல்லைத் தானே பொறுக்கி அடுக்கியதுதான்.

அது குற்றம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெருப்பக்கச் சுவர் சாய்ந்துபோய், கட்டிலும் அடுப்பும் சாமி படமும் வாய்க்கால் சந்தில் போகிற வருகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஓட்டுக்கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கச் சுவர்கள் இரண்டும் தாங்கிக்கொண்டிருந்தன. ஒரு சுவர்தானே, எழுப்பிவிடலாம் என்று புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டி விற்கிறவள். மார்க்கெட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்ததால் அன்றைக்கு வியாபாரமும் இல்லை. முழுக்கல் ஒரு பக்கம், உடைந்த கல் ஒரு பக்கம். கொத்தனார் மதிவாணனுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் தீபலட்சுமி முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிறாள். தை பிறந்தால் பிள்ளையும் பிறந்துவிடும். மார்கழிப் பனி இறங்குவதற்கு முன்னால் சுவர் ஏறிவிட வேண்டும். ஆயம்மாவின் திட்டம் அவ்வளவுதான். அதில் டெல்லி இல்லை.

"யம்மா! தொடாதீங்க! கல்ல அப்படியே கீழ வையுங்க!"

ஆயம்மா கல்லைப் போட்டுவிட்டுத் துள்ளி ஓரமாய்ப் போனாள். "இன்னா தம்பி, பாம்பா?"

"பாம்பு இல்லம்மா. சேதம்!"

வெள்ளைச் சட்டை, இரண்டு கைபேசி, முழங்கால்வரை சுருட்டிய பேண்ட்டோடு சேற்றில் குதித்துக் குதித்து வந்தவர் இளம்பரிதி. நாடாளுமன்ற உறுப்பினர் மாண்புமிகு ஆதிமூலம் அவர்களின் உதவியாளர். பின்னாலேயே கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஒருவர். இளம்பரிதி சரிந்த சுவரைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆயம்மாவுக்கு மனசு இளகியது. நம்ம கஷ்டத்துக்கு அழுகிற ஒரு பிள்ளை என்று நினைத்தாள்.

விஷயம் வேறு. புயலுக்கு மத்திய அரசிடம் உதவி கேட்டு எம்.பி. டெல்லிக்குப் போகிறார். உதவி வேண்டுமானால் மத்தியக் குழு வந்து சேதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் ஊரில் சேதம் இல்லை. இருந்ததுதான். ஆனால் எம்.பி. முந்தின நாள் சேதத்தைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் அதிகாரிகள் விழுந்த மரத்தை அறுத்து, சேற்றை வாரி, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவி, சேதத்தை மொத்தமாக அப்புறப்படுத்திவிட்டார்கள். எம்.பி. கார் உழவர்கரையிலிருந்து கடற்கரைவரை ஒரு குலுங்கலும் இல்லாமல் போய் வந்தது. பார்வையிட ஒன்றும் கிடைக்காமல் அவர் மனம் உடைந்து திரும்பிவிட்டாராம். வாய்க்கால் சந்து குறுகல், குப்பை வண்டி நுழையாது. அதனால் அங்கே மட்டும் புயல் அடித்தது அடித்தபடியே இருந்தது.

"இத வுட்டா ஊருக்கு வேற நாதி இல்லம்மா," என்றார் இளம்பரிதி. எம்.பி. திரும்பின பிறகு கேமராக்காரர் சந்துக்குள் வந்து எடுத்துவைத்திருந்த முந்தின நாள் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஆயம்மா அடுக்கிவைத்த செங்கல்லையெல்லாம் எடுத்து, புயல் எங்கெங்கே போட்டிருந்ததோ அங்கங்கே திரும்பப் போட்டார்கள். ஒரு கல் மட்டும் எந்த இடம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

மத்தியானம் எம்.பி.யே வந்தார். சந்துக்குள் கார் நுழையாததால் நடந்து வந்தார். அதைக் கூட வந்தவர்கள் அவருக்கே ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தார்கள், "ஐயா நடக்குறாரு, ஐயா நடக்குறாரு" என்று. சுவரருகே ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் துண்டு போட்டு, அதன்மேல் உட்காராமல் நின்று பேசினார்.

"தாய்மார்களே. ஊரு பூராவும் சுத்திட்டேன். எங்கயும் ஒரு சேதம் இல்ல. வெறுங்கையோட டெல்லிக்குப் போனா எவன் மதிப்பான்? பக்கத்து மாநில எம்.பி.ங்க ஒவ்வொருத்தரும் செத்த மாடு, செத்த மாடா ஃபோட்டோ வெச்சிருக்கான். நம்ம கையில என்னா இருக்கு? அப்பதான் இந்தத் தாயோட சுவரு என் காதுல விழுந்துச்சு. இது இனிமே உங்க சுவரு இல்லம்மா. நம்ம ஊரோட சுவரு. இதக் காட்டி நான் கொண்டாராத திட்டம் இல்லன்னு ஆக்கிக் காட்டுறேன்."

கை தட்டினார்கள். ஆயம்மாவும் தட்டினாள். தட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்: "எம்மவ புள்ளப்பேத்துக்கு வருதுங்க. குழு எப்பங்க வரும்?"

"இதோ," என்றார் எம்.பி.

எதிர்வீட்டு வின்சானுக்கும் புயலில் மாடிக் கைப்பிடிச் சுவர் போயிருந்தது. வின்சான் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, மாசாமாசம் அங்கிருந்து வருகிற பென்ஷனில் வாழ்கிறவர். ஊருக்கு உதவட்டுமே என்று அவரும் வந்து, "என்னுதும் இடிஞ்சிருக்கு மிசே, வந்து பாருங்க" என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டார்.

இளம்பரிதி ஆசையாகத்தான் ஏறிப் பார்த்தார். இறங்கும்போது, "உங்க பாஸ்போர்ட்டு...?" என்றார்.

"ஃபிரான்சு."

"அப்ப வேணாங்க. அது அந்நிய நாட்டுச் சேதம். மத்தியக் குழு கண்ணுல பட்டா வேற பிரச்சினை ஆயிடும்."

"யோவ், கல்லு வில்லியனூரு சூளைக் கல்லுய்யா!"

கல்லின் குடியுரிமையைப் பற்றி விதி எதுவும் இல்லாததால் வின்சான் வீட்டு மாடியைப் பச்சைத் துணி போட்டு மூடச் சொன்னார்கள். துணிக்குப் பின்னாலேயே அவர் மதிவாணனைக் கூப்பிட்டு அந்த வாரமே சுவரை எழுப்பிவிட்டார். ஆயம்மா தன் கட்டிலில் உட்கார்ந்தபடி, தெருவைத் தாண்டி, கொத்தனார் கரணையைத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுக்காரனாகப் பிறக்காதது அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் தடவையாக உறைத்தது.

சுவருக்கு முன்னால் கயிறு கட்டினார்கள். 'மத்தியக் குழு பார்வைக்கு. தொடாதீர்' என்று பலகை மாட்டினார்கள். காவலுக்கு அம்மாவாசை என்று ஊர்க்காவல் படைக்காரர் ஒருவரைப் போட்டார்கள். வீட்டுக்குள் திருடன் நுழையாமல் பார்ப்பது அவர் வேலை இல்லை. வீட்டுக்காரி கரணையைத் தொடாமல் பார்ப்பதுதான் வேலை. ஆயம்மா கயிற்றின் மேலே ஒரு புடவையைத் திரையாகப் போட்டாள்.

"யக்கா, அத எடுத்துடு. சேதம் மறையுதாம்," என்றார் அம்மாவாசை.

"நான் துணி மாத்தறது தெரியுதுய்யா."

"அதுக்கு நான் திரும்பி நின்னுக்கறேன். ஆனா திரும்பி நின்னா சுவரப் பாக்க முடியாதே." அவருக்கும் உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஆயம்மா துணி மாற்ற வின்சான் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

நிவாரணத் தார்ப்பாய் வந்தது. எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள், அவளுக்கு மட்டும் இல்லை. தார்ப்பாய் போட்டுவிட்டால் நிவாரணம் கிடைத்துவிட்டதாகத் தெரியுமாம். கிடைத்துவிட்டதாகத் தெரிந்தால் கிடைக்காதாம். இதை இளம்பரிதி மிகப் பொறுமையாக விளக்கினார். ஆயம்மாவும் மிகப் பொறுமையாகக் கேட்டாள். பள்ளிக்கூடம் போகாததால்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகைக் கடைசியில் இன்னொரு மழை பிடித்தது. ஊறிக்கிடந்த மிச்சச் சுவரில் வலது பக்கம் கொஞ்சம் பொதபொதவென்று சரிந்தது. மறுநாள் காலையில் எம்.பி. அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து, பழைய படத்தையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தார்.

"யாரு இத இடிச்சது?"

"மழைங்க."

"எந்த மழை? புயல் தேதிக்கு அப்புறம் வுழுந்தா அது அங்கீகரிக்கப்படாத சேதம். குழு வந்து கேட்டா நான் பதில் சொல்ல முடியாது. ஒடனே கட்டணும்."

கட்டணும் என்ற சொல்லைக் கேட்டதும் ஆயம்மாவுக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. மதிவாணன் வந்தார், சிமெண்ட் வந்தது, எல்லாம் அரசாங்கச் செலவு. பழைய படத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதில் சுவர் எந்த இடத்தில் பல் உடைந்த மாதிரி நின்றதோ அதே இடம்வரை, அதே கோணல்மாணலாக, மதிவாணன் கல்லை உடைத்து உடைத்துக் கட்டினார். முப்பது வருஷமாய்த் தூக்குக்குண்டு போட்டு நேராகக் கட்டிப் பழகிய கை. கோணலாகக் கட்ட முடியாமல் வியர்த்துக் கொட்டியது. "நேராப் போவுது, நேராப் போவுது!" என்று பொறியாளர் பின்னால் நின்று அதட்டிக்கொண்டே இருந்தார்.

"மதிவாணா, அப்படியே இன்னும் நாலு வரி ஏத்திடேன்," என்று ஆயம்மா கிசுகிசுத்தாள்.

"நான் மாட்டேன்னா சொல்றேன்? அந்தாளு நிக்கறானேக்கா."

"அதுக்கு மேல உள்ளது புயல் சேதம்," என்றார் பொறியாளர். "அத நாம தொடக்கூடாது."

இடையில் எம்.பி. டெல்லியில் தீவிரமாக உழைத்துக்கொண்டிருந்தார். தினமும் ஒரு படம் வந்தது. அமைச்சருக்குச் சால்வை போர்த்துகிற படம். இன்னொரு அமைச்சருக்கு வேறு நிறச் சால்வை. முதலில் போர்த்திய அமைச்சருக்கே மறுபடியும். பின்னணியில் எங்காவது ஆயம்மா வீட்டுச் சுவரின் படம் சட்டம் போட்டு இருக்கும். சால்வையின் ஜரிகை அதில் பாதியை மறைத்திருக்கும். மத்தியக் குழுவை அனுப்புவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று ஒருவர் தலையசைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அந்தத் தலையசைப்புக்கு நன்றி தெரிவிக்க வாய்க்கால் சந்து முனையிலேயே விழா எடுத்தார்கள். பந்தல், சீரியல் பல்பு, சுவரைவிட உயரமான பேனர்.

எம்.பி. உருகிப் பேசினார். "அமைச்சர் அறைக்குள்ள போனேன். எதுக்கு வந்தேன்னு அவர் கேக்கல. நானும் சொல்லல. அப்படி ஒரு புரிதல் எங்களுக்குள்ள! அவர் என்னப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். ரெண்டு பேரும் கேமராவப் பாத்தோம். இந்த ஊருக்கு ஒரு மரியாதை கிடைச்ச நேரம் அது. போன தடவை இதே ஊருக்குன்னு பாரம்பரியக் கட்டட நிதி கொண்டாந்தேன். கடற்கரைப் பக்கத்துல ஒரு கட்டடம் அழியாம நிக்குதுன்னா அது என்னால. அது என் ஆபீசா இருக்கறது தற்செயல்."

பிறகு ஆயம்மாவை மேடைக்கு ஏற்றி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். 'ரொம்ப நன்றிங்க' என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார் இளம்பரிதி.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் ஆயம்மா. கூட்டத்தைப் பார்த்தாள். "பனி பேயுதுங்க. சுவரு..."

ஒலிவாங்கி கையைவிட்டுப் போய்விட்டது. 'சுவரு' என்றதற்கே கைதட்டல் பந்தலைப் பிய்த்தது.

மார்கழியில் திண்டிவனத்திலிருந்து சம்பந்தியம்மாள் வீட்டைப் பார்க்க வந்தாள். கயிற்றுக்கு வெளியிலேயே நின்றாள். "இன்னா சம்பந்தி, வூடு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே புள்ளப்பேறு பாத்துக்க மாட்டமா? தெருவுல படுக்க வெக்கவா எம் மருமவள அனுப்புறது?" ஆயம்மாவுக்குத் தலை நிமிரவில்லை. பலகையைக் காட்டி, "கெவர்மெண்ட்டு உத்தரவு" என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

தீபலட்சுமி வந்துதான் தீருவேன் என்று வந்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பி.காம். கேள்வி கேட்காமல் ஒரு பஸ் டிக்கெட்கூட வாங்கமாட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு கயிற்றை ஒரு கையால் தூக்கிக் குனிந்து நுழைந்தாள். பலகையைப் படித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ பேசாம இருந்தியா?"

"பேசுனேன்டி. கை தட்டிட்டாங்க."

செய்தி கேட்டு இளம்பரிதி ஓடிவந்தார். கர்ப்பிணியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "தங்கச்சி, வாங்க வாங்க! ஒடஞ்ச வீடு, உள்ள நெறமாச கர்ப்பிணி... டெல்லிக்காரங்க ஆடிப்போயிடுவாங்க. குழு வர்றப்ப நீங்க இந்தக் கட்டில்ல, இப்படி, கொஞ்சம் சரிஞ்ச மாதிரி..."

"குழு எப்ப சார் வருது?"

"இதோ வருது."

"அதுக்குள்ள எனக்குப் பொறந்துட்டா?"

இளம்பரிதி கொஞ்சம் யோசித்தார். "பாத்து, முடிஞ்ச மட்டும் தள்ளிப்போடப் பாருங்க தங்கச்சி. ஊருக்காக."

தீபலட்சுமி சிரிக்கவில்லை. "ஏன் சார், வயித்துக்கும் ஒரு பலகை மாட்டிடுங்களேன். தொடாதீர்னு."

இளம்பரிதி அதையும் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

பகலில் அவள் தாங்கிக்கொண்டாள். விடியற்காலைப் பனி வாய்க்காலின் நாற்றத்தோடு சேர்ந்து நேராகக் கட்டிலுக்கு வந்தது. இரும ஆரம்பித்தாள். இருமும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பால்காரர், பேப்பர் போடுகிறவர், வாக்கிங் போகிறவர்கள் எல்லாரும், அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள் என்பது உட்பட, பார்த்துக்கொண்டே போனார்கள். சுற்றுலா வந்த ஒரு ஜோடி கயிற்றருகே நின்று படம் எடுத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "காத்துப் படாம பாத்துக்குங்க, சளி நெஞ்சுல எறங்கினா கஷ்டம்" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் ஆயம்மா முடிவெடுத்தாள்.

எம்.பி.யின் பிறந்தநாள் வந்தது. அம்மாவாசையைக் கூட்டத்துக்கு நிற்க வரச்சொல்லி ஆள் வந்தார். போகும்போது அவர் ஆயம்மாவைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார்: "நான் திரும்பிவர பொழுது சாஞ்சிடும்க்கா. பிரியாணி அங்கதான்."

மதிவாணன் காலையிலேயே வந்துவிட்டார். வின்சான் தன் வீட்டில் மிஞ்சிய சிமெண்ட்டை இறக்கினார். "இது பிரெஞ்சு சிமெண்ட்டு, ஒங்க கெவர்மெண்ட்டு கேக்க முடியாது" என்றார். ஆயம்மா கலவை எடுத்துக் கொடுத்தாள். தீபலட்சுமி உள்ளே உட்கார்ந்து, "நேரா இருக்கா? நேரா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நேராத்தான் போவுது கண்ணு," என்றார் மதிவாணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்தச் சுவருக்கு அவர் முதல் தடவையாகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் கட்டுகிறார்.

சாயங்காலம் வீட்டுக்குள் இருட்டு வந்தது. தெரு விளக்கு உள்ளே வராத நல்ல இருட்டு. தீபலட்சுமி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தாள். ஈரச் சுவரில் ஒரு விரலை வைத்தபடியே தூங்கிப்போனாள். ஆயம்மா அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் வரவில்லை.

இரண்டாம் நாள் காலையில் மத்தியக் குழு வந்துவிட்டது.

இளம்பரிதி வாய்க்கால் சந்துக்குள் ஓடிவந்தார். சுவரைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? ஊரையே கெடுத்துட்டீங்களே! வேலூர்ல ஒரு ஸ்கூலே வுழுந்திருக்கு, கடலூர்ல பாலம் போயிருக்கு, அவங்கல்லாம் எவ்ளோ பொறுப்பா வெச்சிருக்காங்க! நமக்கு இருந்தது ஒரே ஒரு சுவரு. அதையும் கட்டிட்டீங்களே!"

"எம்மவளுக்கு இருமலு தம்பி..."

அவர் கேட்கவில்லை, கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். குழு விமானம் இறங்கிவிட்டது, கடற்கரை ஓட்டலில் காலை உணவு நடக்கிறது. உணவு முடிவதற்குள் சேதம் தயாராக வேண்டும். ஜேசிபி சந்துக்குள் நுழையாது. மதிவாணனைக் கூப்பிட்டார்கள். "நான் கட்டறவன் சார்," என்று சொல்லிவிட்டு அவர் கரணையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் கட்சிக்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். ஆயம்மா சுவருக்கும் கடப்பாரைக்கும் நடுவில் போய் நின்றாள். இரண்டு பெண் தொண்டர்கள் அவளை மரியாதையாக, இரண்டு பக்கமும் கையைப் பிடித்து, ஓரமாகக் கொண்டுபோனார்கள்.

பொறியாளர் பழைய படத்தைத் தூக்கிப் பிடித்து வழிகாட்டினார். "எடது பக்கம் இன்னும் கொஞ்சம்! வலது பக்கம் வேணாம், அது அங்கீகரிக்கப்படாதது!" ஆனால் மதிவாணன் நன்றாகக் கட்டியிருந்தார். சுவர் விடவில்லை. கோபம் வந்து நான்கு பேர் சேர்ந்து மூலையில் நெம்பினார்கள். புதுச்சுவர் விழுந்தது. அதோடு பிணைந்த பக்கச்சுவரும் மேலிருந்து கீழ்வரை வாய்விட்டுப் பிளந்து விழுந்தது. புயலுக்கும் அசையாத ஓட்டுக்கூரையின் ஒரு மூலை அதன்மேல் இறங்கிற்று.

உள்ளே தீபலட்சுமி அலறினாள். ஓடு அவள்மேல் விழவில்லை. அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

வின்சான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். முனையில் மத்தியக் குழுவின் கார்கள் நின்றதால் ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. அம்மாவாசையும் வின்சானும் அவளைத் தூக்கிக்கொண்டு சந்தில் நடந்தார்கள். ஆயம்மா பின்னாலேயே ஓடினாள். எதிரில் கழுத்தில் மாலையோடு மூன்று அதிகாரிகளும் எம்.பி.யும் வந்தார்கள். சந்து குறுகல். அவர்கள் போகிறவரை இவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. "ஆடிப்போயிடுவாங்க" என்று சொல்லியிருந்தாரே இளம்பரிதி, யாரும் ஆடவில்லை. எம்.பி.யின் வேட்டி தடுக்காதபடி ஓர் அதிகாரி ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்.

சுவரருகே நடந்ததை வின்சானுடைய மனைவி ஏவ்லின் பிறகு ஆயம்மாவுக்குச் சொன்னாள். எம்.பி. கையை நீட்டி, குரல் தழுதழுக்கப் பேசினாராம். மூவரில் வயதானவர் நல்ல அதிகாரி. பேச்சைக் கேட்கவில்லை, குனிந்து, விழுந்த கல்லில் ஒட்டியிருந்த சிமெண்ட்டை நகத்தால் சுரண்டினார். ஈரமாக உதிர்ந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தார். தன்னோடு வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு மூவரும் எம்.பி.க்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனார்கள்.

ஆயம்மாவுக்குப் பேத்தி பிறந்தாள். குறைமாசம் இல்லை, ஆனாலும் எடை குறைவு. காற்றுப் படாமல் வைக்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

அதற்குள் குழுவின் அறிக்கையும் வந்துவிட்டது. ஊரில் புயல் சேதம் எதுவும் காணப்படவில்லை. காட்டப்பட்ட ஒரே வீடு, நிவாரணத்துக்காக அதில் குடியிருப்பவர்களால் அண்மையில் இடிக்கப்பட்டதாகத் தெரிகிறது. அவ்வளவுதான் அறிக்கை. எம்.பி. ஒரு நாள் முழுக்க அறைக்குள் இருந்தார் என்றார்கள். மறுநாள் ஊரெங்கும் பேனர் வந்துவிட்டது: 'புயலே தோற்ற நகரம்! ஒரு சேதமும் இல்லை என்று மத்திய அரசையே சொல்லவைத்த எங்கள் ஆதிமூலமே!' பழைய பந்தலிலேயே நன்றி விழா நடந்தது.

ஆயம்மாவும் மகளும் பேத்தியோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது கயிறு புதிதாக இருந்தது. பலகையும் புதுசு. 'விசாரணைக்கு உட்பட்டது. தொடாதீர்.' இளம்பரிதி அங்கேயே காத்திருந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. யாரு இடிச்சதுன்னு பாக்க டெல்லியிலேருந்து இன்னொரு குழு வருது. ஐயாதான் போராடி வாங்கியிருக்காரு. அது வர்ற வரைக்கும் எந்தக் கல்லையும் நகத்தாதீங்க. இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

ஆயம்மா வீட்டைப் பார்த்தாள். இப்போது இரண்டு பக்கம் திறந்திருந்தது. அவள் கட்டில்மேல் ஓடு கிடந்தது. "எப்ப வருதுங்க?" என்று கேட்க வாய் எடுத்தாள். அதற்குள் பேத்தி ஒரு தடவை இருமிற்று. பூனைக்குட்டி தும்மின மாதிரி, அவ்வளவு சின்னதாக.

"ஆட்டோவ அனுப்பாதடி," என்றாள் மகளிடம்.

எம்.பி. அலுவலகம் கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். பாரம்பரியக் கட்டட நிதியில் புதிதாக மஞ்சள் பூசியிருந்தார்கள். எம்.பி. டெல்லியில் இருந்தார். பின்னாலேயே பைக்கில் இளம்பரிதி வந்து சேர்வதற்குள் ஆயம்மா கூடத்தின் மூலையில் பாயை விரித்துவிட்டாள். தீபலட்சுமி ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஆட்டோக்காரரை ஏறவிட்டு, விசிறிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கொக்கியில் புடவை ஏணையைக் கட்டவைத்தாள். பேத்தியை அதில் போட்டார்கள். ஸ்டவ்வும் பால் பாத்திரமும் பார்வையாளர் மேசைமேல் உட்கார்ந்தன.

"யம்மா! இன்னா இது? இது ஆபீசும்மா!"

"நம்ம ஊரோட சுவருதான தம்பி? ஐயாவே சொன்னாரே," என்றாள் ஆயம்மா. அவள் கிண்டல் செய்யவில்லை. அவளுக்கு அது பழக்கமே இல்லை. "எங்கூட்டுச் சுவரு ஊருக்குப் போச்சு. ஊரு சுவரு கொஞ்ச நாளு எங்களுக்கு இருக்கட்டும்."

"எழுந்திருங்கம்மா, கெஞ்சிக் கேக்கறேன். ஐயா வந்தா என் வேல போயிடும். எப்ப காலி பண்ணுவீங்க?"

"இதோ," என்றாள் தீபலட்சுமி.

இளம்பரிதி பாயைப் பிடித்து இழுக்கக் குனிந்தார். தீபலட்சுமி ஏணைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"குழு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க சார். இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

அவர் பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். பேச்சின் நடுவே 'லேடி போலீஸ்' என்ற வார்த்தை இரண்டு தடவை உள்ளே கேட்டது.

ஆயம்மா எழுந்துபோய்க் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மரியாதையாகத்தான் பிடிப்பார்கள், இரண்டு பக்கமும் கையை. ஏணைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மஞ்சள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு துளி ஈரம் இல்லை. பேத்தி இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம்வரை அதற்கு நாலு பக்கமும் சுவர் இருந்தது.